ஆங்கிலத்தில் ஒத்த சொற்கள்: எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன

2021-இல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான பட்டியலை வெளியிட்டார்கள். அறிவியல் ஆய்விதழ்களில் அச்சான கட்டுரைகளைத் துழாவி, அவற்றில் கிடந்த விசித்திரமான ஆங்கிலத் தொடர்களைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அதில் ஒன்று 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்'. முதல் சொல் கள்ள நோட்டுக்குச் சொல்வது, இரண்டாவது சொல்லுக்குப் பிரக்ஞை என்று பொருள். ஆக, கள்ளப் பிரக்ஞை! எழுதியவர் சொல்ல வந்தது 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்', நாம் செயற்கை நுண்ணறிவு என்கிறோமே, அதைத்தான். இன்னோர் இடத்தில் 'பிக் டேட்டா' என்பது 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. 'பிரெஸ்ட் கேன்சர்' என்ற மார்பகப் புற்றுநோய், 'பூஸம் பெரில்' என்று வந்திருந்தது. 'பூஸம்' கவிதையில் வருகிற நெஞ்சகம், 'பெரில்' என்றால் பேராபத்து. நோயாளியின் கோப்பில் மருத்துவர் இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவற்றுக்கு அவர்கள் 'டார்ச்சர்ட் ஃபிரேசஸ்' என்று பெயர் வைத்தார்கள். சித்திரவதைக்கு ஆளான தொடர்கள். அடுத்தவர் எழுதியதை எடுத்து, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் கண்ணில் படாமல் இருக்க, சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் ஒரு கருவியில் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. அந்தக் கருவி செய்ததில் ஒரு விதத்தில் தப்பே இல்லை. 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதற்கு ஒத்த சொல் கேட்டால் எந்தப் பட்டியலும் 'கவுன்டர்ஃபிட்' என்பதையும் ஒரு மூலையில் தரும். 'பிக்' என்றால் பெரிது, 'கொலோசல்' என்றாலும் பெரிதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி, சேர்த்து வைத்தால் கோரம்.

ஆங்கிலம் படிக்கிற நாமும் இதையே சின்ன அளவில் செய்துகொண்டுதான் இருக்கிறோம். தேர்வுக்காக ஒத்த சொல் மனப்பாடம் செய்யும்போது நடுவில் ஒரு சமக்குறி போட்டு எழுதுகிறோம். அந்தச் சமக்குறிதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம்.

'சினானிம்' என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'சின்' என்றால் கூட, 'ஓனுமா' என்றால் பெயர். ஒரு பொருளுக்கு இன்னொரு பெயரோடு கூட நிற்கிற பெயர். தமிழில் இதை ஒத்த சொல், இணைச்சொல் என்றெல்லாம் சொல்கிறோம். எனக்குப் பிடித்தது தொல்காப்பியர் திரிசொல்லைப் பற்றிப் பேசும்போது சொல்கிற 'ஒருபொருள் குறித்த வேறுசொல்'. அதில் 'ஒரு' இருக்கிறது, 'வேறு'ம் இருக்கிறது. ஆங்கில ஒத்த சொற்களைப் புரிந்துகொள்ள அந்த 'வேறு' என்ற பாதியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்று. இரண்டு சொற்கள் முழுக்க முழுக்க ஒத்துப்போவது கிடையாது. ஒரு சொல்லின் ஏதோ ஒரு பொருள், இன்னொரு சொல்லின் ஏதோ ஒரு பொருளோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 'ஹார்ட் கொஸ்டின்' என்றால் கடினமான கேள்வி. அங்கே 'ஹார்ட்' என்பதை எடுத்துவிட்டு 'டிஃபிகல்ட்' போடலாம். 'ஹார்ட் ராக்' என்றால் கெட்டியான பாறை. அதை 'டிஃபிகல்ட் ராக்' என்றால் பாறையோடு ஏதோ தகராறு என்றுதான் அர்த்தமாகும். 'ரைட் ஆன்சர்' என்பது 'கரெக்ட் ஆன்சர்', ஆனால் 'ரைட் ஹேண்ட்' ஒருநாளும் 'கரெக்ட் ஹேண்ட்' ஆகாது.

எந்தப் பொருளில் ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது. 'ஓல்ட் மேன்' என்பதற்கு எதிர் 'யங் மேன்', 'ஓல்ட் ஷர்ட்' என்பதற்கு எதிர் 'நியூ ஷர்ட்'. ஆக 'ஓல்ட்' ஒரு சொல் அல்ல, குறைந்தது இரண்டு. கிழவரைச் சொல்லும் 'ஓல்ட்' என்பதற்கு 'எல்டர்லி' ஒத்த சொல், சட்டையைச் சொல்லும் 'ஓல்ட்' என்பதற்கு அல்ல. 'டீப்', 'புரொஃபவுண்ட்' இரண்டுக்கும் ஆழம் என்றே அகராதி சொல்லும். 'டீப் வாட்டர்' என்பதன் எதிர் 'ஷேலோ', 'புரொஃபவுண்ட் ரிமார்க்' என்பதன் எதிர் 'சூப்பர்ஃபிஷியல்'. கிணறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 'புரொஃபவுண்ட்' ஆகாது. கருத்து மட்டும்தான் ஆகும்.

அப்படியானால் எல்லாப் பொருளிலும், எல்லா இடத்திலும் மாற்றிப் போடக்கூடிய ஒரு ஜோடியாவது உண்டா? மொழியியலாளர்கள் தேடிச் சலித்த கேள்வி இது. வழக்கமாக அவர்கள் காட்டும் உதாரணம் 'கோர்ஸ்', 'ஃபர்ஸ்' என்ற இரண்டு பெயர்கள். இரண்டும் மஞ்சள் பூப் பூக்கிற ஒரே முள்புதருக்குத்தான். அதற்கும் 'வின்' என்று மூன்றாவது பெயர் வடக்குப் பக்கத்தில் வழங்குகிறது. ஒரு முள்செடியைத் தாண்டி உதாரணம் காட்டச் சொன்னால் திணறத்தான் வேண்டும். வட்டார வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த முள்செடியும் கைநழுவிப் போகிறது.

இவ்வளவு சொற்கள் எங்கிருந்து வந்தன?

ஆங்கிலத்துக்கு ஒத்த சொற்கள் மலைபோலக் குவிந்ததற்குக் காரணம், அந்த நாட்டை வென்றவர்களும், அந்நாட்டார் படித்த நூல்களும்தான்.

பழைய ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழி ஆங்கிலத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு வீட்டுச் சொற்கள் வந்து சேர்ந்தன. நோயுற்றதைச் சொல்ல 'சிக்' ஆங்கிலம், 'இல்' நார்ஸ். தோலுக்கு 'ஹைட்' ஆங்கிலம், 'ஸ்கின்' நார்ஸ். அப்புறம் 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரசவை, நீதிமன்றம், படை எல்லாம் பிரெஞ்சு பேசுபவர்கள் கைக்குப் போயின. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் உள்ளே வந்தன. தேவாலயத்தின் வழியாக முன்பே வந்துகொண்டிருந்த லத்தீன், மறுமலர்ச்சிக் காலத்தில் மடை திறந்த மாதிரி வந்தது. கிரேக்கமும் கூடவே வந்தது.

இதன் விளைவாக ஒரே பொருளுக்கு மூன்று அடுக்கு உருவானது. கேட்பதற்கு 'ஆஸ்க்' ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெரகேட்' லத்தீன். குழந்தை 'ஆஸ்க்' செய்யும், வழக்கறிஞர் 'கொஸ்டின்' செய்வார், பிடித்து வைத்திருக்கும் ஆளைப் போலீஸ் 'இன்டெரகேட்' செய்யும். எழுவதற்கு 'ரைஸ்', 'மவுன்ட்', 'அசென்ட்'. அரசத்தன்மைக்கு 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்'. முதல் அடுக்கு வீட்டு மொழி, இரண்டாவது சபை மொழி, மூன்றாவது ஏட்டு மொழி என்று பொதுவாகச் சொல்லலாம். இன்றும் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் நூறு சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே முதல் அடுக்குதான்.

இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஃபேஸ்', 'வெரி', 'பீப்பிள்' எல்லாம் பிரெஞ்சுச் சொற்கள், அவற்றில் துளிகூடப் பகட்டு இல்லை. 'வேலி' என்றால் பள்ளத்தாக்கு. அது பிரெஞ்சு, ஆனால் எல்லோரும் பேசுவது. அதே பொருளில் பழைய ஆங்கிலம் தந்த 'டேல்' இப்போது கவிதையிலும் ஊர்ப் பெயரிலும்தான் பெரும்பாலும் தட்டுப்படுகிறது. அடுக்கு மாறியும் உட்காரும்.

இந்த அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஆங்கிலச் சட்டப் பத்திரங்களைப் புரட்ட வேண்டும். உயிலுக்கு 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்று எழுதுவார்கள். 'வில்' ஆங்கிலம், 'டெஸ்டமென்ட்' லத்தீன். பொருட்களுக்கு 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்'. வீடு புகுந்த குற்றத்துக்கு 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்'. எந்த மொழிக்காரர் படித்தாலும் விளங்கட்டும், ஒரு சொல்லில் ஓட்டை இருந்தால் இன்னொன்று அடைக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதிப் பழகிவிட்டார்கள். 1362-இல், நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும், பிரெஞ்சு பலருக்குப் புரியவில்லை என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! நம் நன்னூல் 'ஒருபொருட் பன்மொழி' என்று பேசுவதும் இந்த மாதிரி அடுக்கி வருவதைத்தான். 'உயர்ந்தோங்கிய' என்பதில் உயர்தலும் ஓங்கலும் ஒன்றுதான், இருந்தும் சிறப்புக்காகச் சேர்ந்து நிற்கின்றன. வழக்கறிஞர்களின் நோக்கம் சிறப்பு அல்ல, பயம்.

ஒரே வேலைக்கு இருவர் இருந்தால்

ஒரே பொருளுக்கு இரண்டு சொல் சும்மா இருக்குமா? இருப்பதில்லை என்று பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரேயால் 1897-இல் வந்த தன் நூலில் எழுதினார். மக்கள் ஒத்த சொற்களைத் தங்களை அறியாமலே பங்கு பிரித்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். ஒன்றுக்கு இந்த வேலை, மற்றதற்கு அந்த வேலை. அப்படிப் பிரிக்க முடியாவிட்டால் ஒன்று வழக்கொழிந்து போகும்.

ஆங்கிலத்தின் வரலாற்றில் இதை எங்கே தொட்டாலும் பார்க்கலாம். 'டீர்' என்றால் இன்று மான். பழைய ஆங்கிலத்தில் அது எந்த விலங்கையும் குறித்தது. பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்', அப்புறம் லத்தீனிலிருந்து 'அனிமல்' வந்து பொது இடத்தைப் பிடித்துக்கொள்ள, 'டீர்' ஒரு மூலைக்குப் போய் மானாகிவிட்டது. 'ஃபவுல்' எந்தப் பறவையும், இன்று பெரும்பாலும் கோழி வகை. 'ஹவுண்ட்' எந்த நாயும், இன்று வேட்டை நாய். 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாவது. 'டை' என்ற சொல் பரவிய பிறகு, பட்டினியால் சாவது மட்டும் 'ஸ்டார்வ்' ஆனது. ஜெர்மனில் அதன் உடன்பிறப்பு 'ஷ்டெர்பன்' இன்னும் பழைய பொருளிலேயே, சாவதைக் குறித்தே இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் வாசனை. 'ஸ்டிங்க்' என்ற வினை பழைய ஆங்கிலத்தில் எந்த மணமும் வீசுவதைக் குறித்தது. பூ கூட 'ஸ்டிங்க்' செய்யலாம். பிறகு 'ஸ்மெல்' வந்தது, பிரெஞ்சு வழியாக 'ஓடர்', 'சென்ட்', 'பெர்ஃப்யூம்' வந்தன, லத்தீனிலிருந்து 'ஃபிராக்ரன்ஸ்', கிரேக்கத்திலிருந்து 'அரோமா'. நல்ல மணத்தையெல்லாம் வந்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, பழைய சொல்லுக்கு மிஞ்சியது முடைநாற்றம். தமிழர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஏக்கத்தோடு கேட்கும்போது நாறுதல் மணம் வீசுவது. இன்று யாரிடமாவது 'உங்கள் மேல் நாறுகிறது' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே பாதையில் போயிருக்கின்றன.

இறைச்சிப் பெயர்களின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். மேய்த்த ஆங்கிலேயனுக்கு 'காவ்', 'ஷீப்', 'பிக்'. தின்ற நார்மன் பிரபுவுக்கு 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்'. கேட்க நன்றாக இருக்கிறது, வேரும் சரிதான். ஆனால் வென்ற மறுநாளே தொழுவம் ஒரு மொழி, சாப்பாட்டு மேசை ஒரு மொழி என்று பிரிந்துவிடவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு 'மட்டன்' உயிரோடு நிற்கிற ஆட்டையும், 'பீஃப்' உயிரோடு நிற்கிற மாட்டையும் குறித்தே வந்தன. இப்போது நாம் பார்க்கும் சுத்தமான பிரிவினை, பாகப்பிரிவினை மாதிரியே, இழுத்து இழுத்து முடிந்த ஒன்று.

ரோஜே சொன்னதும் நாம் கேட்காததும்

ஒத்த சொல் பட்டியல் என்றால் ஆங்கிலத்தில் நினைவுக்கு வரும் பெயர் பீட்டர் மார்க் ரோஜே. தொழில் மருத்துவம். பல ஆண்டுகள் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளர். 1805-இல் தன் சொந்த உபயோகத்துக்காக ஒரு சொற்பட்டியல் தொகுத்து வைத்தார். அது 1852-இல், அவருக்கு 73 வயதானபோது, 'தெசாரஸ்' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கருவூலம் என்று பொருள். அகரவரிசை கிடையாது. உலகத்துக் கருத்துகளையெல்லாம் சுமார் ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் சொற்களைக் கொட்டியிருந்தார். நம் நிகண்டுகளும் இந்த வழிதான்: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகப் போகும்.

கவனிக்க வேண்டியது, ரோஜே எந்தச் சொல்லுக்கும் விளக்கம் தரவில்லை. ஒத்தவை போலத் தோன்றும் சொற்களுக்கு நடுவே உள்ள வேறுபாடுகளை ஆராய்வது தனித் துறை, அதற்குள் நான் போகவில்லை என்று முன்னுரையில் சொல்லியும் விட்டார். அவருடைய புத்தகம், சொல் தெரிந்தும் வாயில் வராமல் நிற்கிறவருக்கானது. நாக்கு நுனியில் நிற்கும் சொல்லை நினைவூட்டும். தெரியாத சொல்லைக் கற்றுத் தராது. இன்று கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் வரும் பட்டியலும் அதே ரகம்தான். அந்த முன்னுரை மட்டும் கூட வருவதில்லை.

ரோஜே விட்ட வேலையை அவருக்கு முன்பே ஒரு பெண்மணி தொட்டிருந்தார். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் தோழியான ஹெஸ்டர் பியோட்ஸி 1794-இல் ஆங்கில ஒத்த சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்தச் சொல்லை யாரிடம், எந்தச் சமயத்தில் பேச்சில் போடுவது என்பதுதான் அவர் அக்கறை. இன்று யாருக்கு அவர் பெயர் தெரியும்? பட்டியல் போட்டவர் பெயர் அகராதிக்கே அடைமொழியாகிவிட்டது.

சேர்மானம்

ஆங்கில ஒத்த சொற்களில் வெளியார் வழுக்கி விழுவது பெரும்பாலும் பொருளில் அல்ல, சேர்மானத்தில். எந்தச் சொல் எதோடு போகும் என்பதில். 'ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறிந்துகொள்ளலாம்' என்ற கருத்தில் 1957-இல் எழுதினார் ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கில மொழியியலாளர். அவர் வழிவந்த ஹாலிடே காட்டிய உதாரணம் பிரபலமானது: 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டும் வலிமைதான். ஆனால் தேநீர் 'ஸ்ட்ராங்', கார் 'பவர்ஃபுல்'. மாற்றிப் போட்டால் புரியும், இருந்தாலும் கேட்கிறவர் முகம் சுளிப்பார்.

ஏன் அப்படி என்று கேட்டால் உருப்படியான பதில் இல்லை. தமிழில் ஏன் மழை பலத்தது, வெயில் மட்டும் கடுமையானது? 'பலத்த வெயில்' என்று யாரும் சொல்வதில்லை. கும்மிருட்டு உண்டு, கும்வெளிச்சம் இல்லை. காதில் விழுந்து விழுந்து பதிந்த விஷயம் இது. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', புகை பிடிப்பவர் 'ஹெவி ஸ்மோக்கர்'. கெட்டுப்போனதைச் சொல்வதற்குப் பால் 'சவர்', வெண்ணெய் 'ரான்சிட்', முட்டை 'ஆடில்ட்'. மூன்றும் கெட்டுப்போனதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல். 'பிக்', 'லார்ஜ்' இரண்டும் பெரிது என்று முதல் வகுப்பிலேயே படிக்கிறோம். 'பிக் சிஸ்டர்' என்றால் அக்கா. 'லார்ஜ் சிஸ்டர்' என்றால் அக்காவின் உடல்வாகைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஜாக்கிரதை.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. சில சொற்கள் பார்க்க நடுநிலையாக இருக்கும், ஆனால் எப்போதும் கெட்ட சகவாசத்திலேயே இருக்கும். உண்டாக்குவது என்ற பொருளில் வரும் 'காஸ்' என்ற வினை அப்படிப்பட்டது. அகராதியில் நல்லது கெட்டது என்ற பேச்சே இருக்காது. லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினியில் தொகுத்துப் பார்த்தபோது அதன் பின்னால் வருவது பெரும்பாலும் சேதம், தொல்லை, நோய், மரணம் என்று தெரிந்தது. அதனால் 'அவர் எங்களுக்கு மகிழ்ச்சியைக் காஸ் செய்தார்' என்ற ரீதியில் எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் ஏதோ இடறும். அங்கே 'பிரிங்' போட வேண்டும். தமிழில் 'ஆளானார்' என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விமர்சனத்துக்கு ஆளானார், அவமானத்துக்கு ஆளானார். பாராட்டுக்கு யாரும் ஆளாவதில்லை. இதை 1990-களில் பில் லாவ், ஜான் சின்க்ளேர் போன்ற மொழியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். அதற்கு முன்பு இந்தச் சகவாச தோஷம் தாய்மொழிக்காரர்கள் காதுக்குத் தெரிந்திருந்தது, அகராதிக்குத் தெரியாது.

சேர்மானத்தோடு ஒட்டி வருவது மனோபாவம். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-இல் பிபிசி வானொலியில் ஒரு விளையாட்டுக் காட்டினார். நான் 'ஃபர்ம்', நீ 'ஆப்ஸ்டினேட்', அவன் 'பிக்-ஹெடட்' முட்டாள் (இந்தப் 'பிக்' பன்றி, பெரிது அல்ல). மூன்று பேரும் செய்வது ஒன்றையே: சொன்னதில் நிற்கிறார்கள். நான் செய்தால் உறுதி, நீ செய்தால் பிடிவாதம், இங்கே இல்லாத அவன் செய்தால் மூர்க்கம். ஒல்லியானவரை 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார், 'தின்' என்றால் சும்மா இருப்பார், 'ஸ்கின்னி' என்றால் நோஞ்சான் என்று திட்டியதாக எடுத்துக்கொள்வார். சிக்கனத்துக்கு 'த்ரிஃப்டி', கஞ்சத்தனத்துக்கு 'ஸ்டிஞ்சி'. காசை எண்ணுவது இரண்டிலும் ஒன்றுதான். 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' இரண்டுக்கும் 'பேர்போன' என்று பொருள் எழுதி வைத்துக்கொண்டு, மதிப்புக்குரிய ஒருவரை மேடையில் 'நொட்டோரியஸ்' என்று அறிமுகப்படுத்தினால் அவர் தன்னைக் கேடி என்றதாகத்தான் எடுத்துக்கொள்வார். சாவைச் சொல்ல 'டை', 'பாஸ் அவே', 'கிக் த பக்கெட்' என்று ஆங்கிலத்தில் இருப்பதை விளக்கவே வேண்டாம். இறந்தார், காலமானார், மண்டையைப் போட்டார் என்று நம்மிடம் அதே வரிசை இருக்கிறது. துக்க வீட்டில் எதைச் சொல்லக் கூடாது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இடத்தால் வரும் பிரிவு எளிது. இலையுதிர் காலம் பிரிட்டனில் 'ஆட்டம்', அமெரிக்காவில் 'ஃபால்'. பிரிட்டனில் 'லிஃப்ட்', அமெரிக்காவில் 'எலிவேட்டர்'. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இலக்கணத்தால் வரும் பிரிவு அவ்வளவு எளிதல்ல, ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியது. 'அட்வைஸ்', 'சஜெஸ்ட்' இரண்டும் யோசனை சொல்வது. 'அட்வைஸ் ஹிம் டு கோ' சரி, 'சஜெஸ்ட் ஹிம் டு கோ' தவறு. 'ஹைட்' என்றால் ஒளிவது, ஒளித்து வைப்பது இரண்டும். 'கன்சீல்' என்றால் ஒளித்து வைப்பது மட்டும். கதவுக்குப் பின்னால் குழந்தை 'ஹைட்' செய்யலாம், 'கன்சீல்' செய்ய முடியாது. 'ஸ்டார்ட்', 'பிகின்', 'கமென்ஸ்' மூன்றும் தொடக்கமே, வண்டியை மட்டும் 'ஸ்டார்ட்' தவிர வேறெதுவும் கிளப்பாது. தமிழில் துணைவினை செய்கிற வேலையை ஆங்கிலம் பல சமயம் தனிச் சொல்லிடம் கொடுத்துவிடுகிறது என்பதும் நம்மைக் குழப்பும். 'சீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் அகராதி 'பார்' என்று போடும். நாம் கண்ணில் பட்டது, பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று பிரிப்பதைத்தான் அந்த மூன்றும் பிரிக்கின்றன. இப்படித் தமிழில் ஒரு சொல்லாகப் பிடிக்காமல் ஒரு வாக்கியமாகப் பிடித்தால் பல ஜோடிகள் தாமாகவே விலகி நிற்கும்.

திரும்ப வந்தால் என்ன?

ஒரே சொல் ஒரு பத்தியில் இரண்டு முறை வரக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒத்த சொல் பட்டியலைத் தேடி ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இந்தப் பழக்கத்துக்கு, ஆங்கில நடை பற்றி எழுதிய ஃபௌலர் சகோதரர்கள் 1906-இலேயே கிண்டலாக 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயர் வைத்தார்கள். அழகாக மாற்றுகிறேன் என்று வாசகரைக் குழப்புவது. வாழைப்பழத்தை இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தபோது 'நீளமான மஞ்சள் பழம்' என்று எழுதிய பத்திரிகையாளரைப் பற்றிய கதை ஆங்கிலச் செய்தி அறைகளில் இன்றும் உலவுகிறது.

நான் திருத்திய ஒரு மொழிபெயர்ப்பில், ஒரே ஒப்பந்தம் முதல் பத்தியில் 'அக்ரிமென்ட்', இரண்டாவதில் 'கான்ட்ராக்ட்', மூன்றாவதில் 'டீட்' என்று வந்திருந்தது. எழுதியவர் நடை அழகுக்காகச் செய்திருக்கிறார். மூன்று ஆவணங்கள் இருப்பதாக நினைத்து மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டத்திலும் அறிவியலிலும் சொல் மாறினால் பொருள் மாறியதாகவே படிப்பார்கள். அங்கே திரும்பத் திரும்ப ஒரே சொல்லைப் போடுவது சோம்பல் அல்ல, நாணயம்.

கதையிலும் கட்டுரையிலும் மாற்ற இடம் உண்டு. மாற்றும்போது ஏதாவது ஒன்று கூட வர வேண்டும். 'வாக்' என்ற நடைக்குப் பதில் 'ஸ்ட்ரோல்' போட்டால் அவருக்கு அவசரமில்லை என்று தெரிய வேண்டும், 'ட்ரட்ஜ்' போட்டால் கால் வலிக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் 'வாக்' என்றே நடக்கட்டும்.

கடைசியாக ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். 'ஐ ரைட் டு ஆஸ்க் அபவுட் மை அப்ளிகேஷன்' என்று எழுதுகிறீர்கள். 'ஆஸ்க்' ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று தோன்றுகிறது. பட்டியலைத் திறக்கிறீர்கள். 'என்கொயர்' இருக்கிறது: 'என்கொயர் அபவுட்' நன்றாகவே உட்காரும், கொஞ்சம் மரியாதையும் கூடும். அடுத்து 'ரிக்வெஸ்ட்': பணிவாகத்தான் தெரிகிறது, ஆனால் அதன் பின்னால் 'அபவுட்' வராது, எதை வேண்டுகிறீர்கள் என்று நேராகச் சொல்ல வேண்டும். 'கொஸ்டின்' என்று போட்டு 'அபவுட்' என்பதை எடுத்துவிட்டால் உங்கள் விண்ணப்பத்தின் மேல் உங்களுக்கே சந்தேகம் என்று பொருள். 'இன்டெரகேட்' போட்டால் அந்த விண்ணப்பத்தை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கு வெளிச்சத்தில் விசாரிக்கிறீர்கள். 'டிமாண்ட்' போட்டால் படிக்கிற அதிகாரி நிமிர்ந்து உட்காருவார், பதில் வரும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்த பதிலாக இருக்காது.